பட்டன் இருக்குங்ணா

"டயரைப் பாருங்ணா. பட்டன் அப்படியே இருக்குதுங்ணா" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் முன் சக்கரத்தை ஷூ முனையால் ஒரு தட்டுத் தட்டினான். டயரில் பள்ளங்களுக்கு நடுவே ரோட்டைப் பிடிக்க நிற்கும் ரப்பர் கட்டைகளைத்தான் நம் ஊரில் பட்டன் என்பார்கள். நானும் குனிந்து பார்த்தேன். கறுகறுவென்று பாலிஷ் போட்டு மின்னியது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். எதைத் தெரிந்துகொள்ள அழுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பவருக்காவது பல்லில் வயது தெரியும். நான் விரலில் ஒட்டிய கறுப்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "ம், டயர் பரவாயில்லை" என்றேன்.

2021-ல் நடந்தது இது. பார்த்த வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட், விஎக்ஸ்ஐ, பெட்ரோல். மீட்டரில் 62,000 கிலோமீட்டர். விலை 3,70,000. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் கிடையாது. ஆர்சி புத்தகத்தில் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். இன்சூரன்ஸில் பழைய க்ளெய்ம் விசாரித்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய் இன்ஜின் சத்தம் கேட்க வைத்தேன். ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டேன். டயருக்கு மட்டும் கட்டை விரல்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டயர்கள் எனக்குப் பிடித்திருந்தன. கம்பெனி இரும்பு டிஸ்க்குக்குப் பதிலாக அலாய் வீல், அதில் அகலமான டயர். காங்கேயம் காளை மாதிரி தோள் புடைத்து நின்றது வண்டி. "அலாயும் டயருமே அம்பதாயிரம் ஆகும்ணா, உங்களுக்கு அது சும்மா வருது" என்றான் பையன். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லும் வைராக்கியம் எனக்கு இல்லை.

முதல் வாரமே ஒரு சத்தம் ஆரம்பித்தது. எங்கள் தெரு முனையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத்தான் திரும்ப வேண்டும். அப்போது முன்பக்கத்திலிருந்து "சர்ர்க்" என்று ஒரு உரசல். தனியாகப் போனால் திருப்பத்தில் மட்டும் கேட்கும். பின்சீட்டில் அம்மா, அக்கா, அவள் பிள்ளைகள் என்று ஏறிக்கொண்டால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்னாலிருந்தும் கேட்கும். "நாங்க ஏறினா வண்டி அழுவுதுடா" என்றாள் அக்கா. மெக்கானிக்கிடம் விட்டேன். ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்றார். பின்னால் இரண்டையும் மாற்றி 5,600 ரூபாய் வாங்கினார். சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. பணம் கொடுத்தால் கொஞ்ச நாளைக்கு எல்லாச் சத்தமும் குறைந்த மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது மருதமலை. பழைய ஆல்ட்டோவில் இரண்டாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்த வளைவுகளில், அதைவிடப் பெரிய இன்ஜின் வைத்திருக்கும் இந்த வண்டி மூச்சு வாங்கியது. முதல் கியருக்கு இறக்கினால்தான் நகரும். பழகவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மைலேஜ்தான் என்னை உறுத்தியது. பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டரையும் மீட்டரையும் குறித்து வைக்கும் சின்ன நோட்டு ஒன்று டாஷ்போர்டில் இருக்கும். (வீட்டில் இதைக் கிண்டல் செய்யாதவர் இல்லை.) மூன்று மாதச் சராசரி 14.2. இதே வண்டி வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர் அதே ஊருக்குள் ஓட்டி 16 என்கிறார். சரி, மீட்டரையே சோதிப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் போகும் வழியில், அவிநாசி தாண்டி, தேசிய நெடுஞ்சாலை 544-ல் கிலோமீட்டர் கல்லை எண்ணச் சொல்லி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒரு கல்லுக்கு நேராக ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். இருபதாவது கல் கடந்தபோது மீட்டர் காட்டியது 19.1.

வந்த வழியிலும் அதேதான். 20 கிலோமீட்டருக்கு 900 மீட்டர் எங்கே போயிற்று? மீட்டரில் கோளாறு என்று முடிவு செய்துவிட்டேன். காலடியில் பார்க்கத் தோன்றவில்லை.

நவம்பரில் பவானியில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது செங்கப்பள்ளி தாண்டி இடது முன் டயர் பஞ்சர். இருட்டு. மனைவி செல்போன் வெளிச்சம் பிடிக்க, டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தேன். வாங்கிய நாளிலிருந்து அதை நான் பார்த்ததே இல்லை. இரும்பு டிஸ்க், ஒல்லியான டயர், ஓரத்தில் இருக்கும் சின்ன ரப்பர் முடிகள் கூட உதிராமல் இருந்தன. ஒரு நாளும் ரோட்டைத் தொடாத டயர். மாட்டி ஜாக்கியை இறக்கியதும் வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஹவாய்ச் செருப்பும் போட்டவன் மாதிரி. மனைவிதான் முதலில் சொன்னாள்: "இது நம்ம வண்டி டயர் இல்லை போலிருக்கே."

அவள் சொன்னது ஸ்டெப்னியை. ஆனால் அந்த வண்டியிலேயே அதன் சொந்த டயர் அது ஒன்றுதான்.

கோயம்புத்தூர் வரும்வரை ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்துக்கொண்டே வந்தது. நாற்பதுக்கு மேல் போகவில்லை. வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். பெரிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 492 முறை சுற்றினால் போதும். ஸ்டெப்னி 514 முறை சுற்ற வேண்டும். ஒரே முன் அச்சில் இடது வலது இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு 22 சுற்று வித்தியாசம். வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிஃபரென்ஷியல். நேர் ரோட்டில் போனாலும் அதற்கு வண்டி ஓயாமல் வளைவில் திரும்பிக்கொண்டே இருக்கும் மாதிரிதான் தெரியும். ஸ்டெப்னி இருக்கிறது என்ற தைரியத்தில் ஆறு மாதம் குடும்பத்தோடு சுற்றியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயதுப் பெரியவர். அவர் செய்த முதல் காரியத்திலேயே என் கட்டை விரல் வெட்கப்பட்டுவிட்டது. பட்டன் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. குத்த வைத்து உட்கார்ந்து, ஈரத் துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்தார். பாலிஷ் போனதும் எழுத்து தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏனுங்க, இது இன்னோவா டயருங்களே!"

205/65 ஆர்15 என்று இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் கார் ஓட்டுகிறேன், இந்த எண்களை அதுவரை ஒருமுறை கூடப் படித்ததில்லை. பெரியவர் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் எழுதிக் காட்டினார். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சதவீதம்: பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 65 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலம். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து எழுதும் கணக்கு டயரில்தான் இருக்கும். எங்கள் ஆடிட்டர் பார்த்தால் அழுதுவிடுவார்.

என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 165/80 ஆர்14. அதற்கு மேல்தட்டு மாடலான இசட்எக்ஸ்ஐக்கு 185/65 ஆர்15. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகும்போது பக்கவாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் மொத்த விட்டம் மாறுவதில்லை: முதலாவது 619.6 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. என் வண்டியில் மாட்டியிருந்ததோ 647.5. நாலரை சதவீதம் கூடுதல்.

அந்த நாலரையை நோட்டில் எழுதிப் பார்த்ததும் ஆறு மாத வழக்குகள் எல்லாம் வரிசையாகத் தீர்ந்தன. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது, அது சுற்றைத்தான் எண்ணும். 20-ஐ 1.045-ஆல் வகுத்தால் 19.1. காணாமல் போன 900 மீட்டர் கிடைத்துவிட்டது! மைலேஜும் அப்படித்தான், 14.2 என்று நான் திட்டியது உண்மையில் 14.8. மீதியை அந்தக் கனத்த டயரும் அலாயும் தின்றிருக்க வேண்டும். மருதமலையில் மூச்சு வாங்கியதற்கும் அதே காரணம். பெரிய சக்கரம் போட்டால் எல்லாக் கியரும் நாலரை சதவீதம் நீண்டுவிடும். பெரிய பல்சக்கரம் போட்ட சைக்கிளை மேட்டில் மிதிப்பது போல.

ஸ்பீடோமீட்டர் விஷயம் கொஞ்சம் பயமானது. அது 100 காட்டும்போது, கம்பெனி டயரில் ஓடியிருக்கக்கூடிய வேகத்தைவிட மணிக்கு நாலரை கிலோமீட்டர் கூடுதலாக வண்டி ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் முள்ளை நிஜ வேகத்தைவிடச் சற்று அதிகமாகவே காட்டும்படி வைப்பார்கள். நம் பாதுகாப்புக்காக வைத்த அந்த இடைவெளியை இந்த டயர் விழுங்கிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் தோன்றியது. மீட்டரில் இருந்த 62,000-ல் இந்த டயரில் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. முழுவதும் இதில் ஓடியிருந்தால் உண்மையான தூரம் அதைவிட 2,790 கிலோமீட்டர் அதிகம். மீட்டரைத் தொடாமலே மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

பெரியவர் அடுத்து வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன் மட்கார்டுக்கு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று இருக்கும், சேறு அடிக்காமல் இருக்க. அதில் பின்பக்கம், டயர் திரும்பி வந்து தொடும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தது. நடுவில் பிறை வடிவில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக ஒயர் கட்டு தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் டயர் அந்த ஒயரைத் தொட்டிருக்கும். 5,600 ரூபாய் ஷாக் அப்சார்பரைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

இதெல்லாம் அளவு. வயது தனிக்கதை. பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயர்களில் 3514. 2014-ன் முப்பத்தைந்தாவது வாரம். அதாவது ஏழு வயது. பட்டன் இருந்தது வாஸ்தவம்தான், ஆனால் பக்கவாட்டை அழுத்தி வளைத்தால் கோடை காலத்துக் குளத்து மண் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு. ரப்பர் ஓடினால்தான் தேயும். சும்மா நின்றாலும் வெயிலில் கெட்டிப்படும். ஐந்து வருடத்துக்கு மேல் ஆனால் வருடா வருடம் காட்டிப் பரிசோதியுங்கள், என்ன ஆனாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம் ஊர் மே மாத வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்குப் பத்து என்பது எனக்கு ரொம்ப தாராளமாகப் படுகிறது.

பின் டயர்களில் 1112. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2012, பதினோராவது வாரம். வண்டி 2013. வண்டி பிறப்பதற்கு முன்பே பிறந்த டயர்! அப்படியானால் வேறொரு வண்டியில் ஓடித் தேய்ந்து, பிறகு இதற்கு வந்திருக்கிறது. பழைய இன்னோவாவில் வந்த அளவு இதுதான் என்பதால், ஏதோ ஒரு டிராவல்ஸ் இன்னோவா கழற்றிப் போட்டது என்பது பெரியவரின் ஊகம்.

"ஒன்பது வருசம் ஓடின டயர்ல இவ்வளவு பட்டன் எப்படிங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதலில் ஒரு புது டயரின் பள்ளத்துக்குள் விட்டு இழுத்தார். அடி வழவழவென்று இருந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை சின்ன மேடு விரலில் தட்டியது. டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம், 1.6 மில்லிமீட்டர் உயரம். நம் சட்டத்தில் காருக்கான எல்லையும் அதுதான். பிறகு அதே விரலை என் பின் டயரின் பள்ளத்துக்குள் விட்டார். அடி சொரசொரவென்று இருந்தது. பள்ளத்தின் சுவர் ஒரு இடத்தில் நேராக, ஒரு இடத்தில் சாய்ந்து. மேடு எங்கேயும் தட்டவில்லை. சூடு போட்ட கத்தியால் மொட்டை டயரில் புதிதாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். வெட்டும்போது அந்த மேடுகளும் சேர்ந்து போய்விட்டன. ஒரு இடத்தில் நகத்தால் சுரண்டினால் ரப்பருக்கு அடியில் கம்பி, தலைமுடி கனத்துக்கு, மினுமினுத்தது.

லாரி டயரில் சிலவற்றைத் திரும்ப வெட்டலாம். அதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்து, வெட்டலாம் என்று பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். கார் டயரில் அந்த ரப்பர் கிடையாது. வெட்டுவது நேராகக் கம்பிப் பட்டையின் மேல்தான்.

அப்போதுதான் வாளையாறு நினைவுக்கு வந்தது. ஜூலையில், பாலக்காட்டுக்குப் போகும்போது, செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, தென்மேற்குப் பருவ மழை. நான் ஒன்றும் வேகமாகப் போகவில்லை. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் தனக்கு வேறு வேலை இருக்கிற மாதிரி வலது பக்கம் ஒதுங்கியது. முன்னால் நின்ற லாரியின் பின் பலகையில் எழுதியிருந்த எல்லா எழுத்தும் என்னால் படிக்க முடிகிற தூரத்தில் வண்டி நின்றது. மழை என்றேன். ரோட்டில் ஆயில் என்றேன். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கடை ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் டீ வாங்கி வரச் சொன்னார்.

அந்த வியாபாரிப் பையனைப் பற்றி யோசித்தேன். அவன் பொய் சொல்லவில்லை. பட்டன் இருக்கிறது என்றான், இருந்தது. நம் ஊரில் டயரைப் பற்றிக் கேட்கும் கேள்வியே அது ஒன்றுதான்: பட்டன் இருக்கா, மொட்டையா? இந்த வண்டிக்கு உள்ள டயர்தானா, எந்த வருடத்தது, எதில் ஓடியது என்று கேட்க நமக்கு வாயில் வார்த்தையே வருவதில்லை. கேள்வி ஒன்றே ஒன்று என்றால் அதற்கு மட்டும் பதில் தயாரிப்பது சுலபம். ஒரு சூட்டுக் கத்தி போதும். இத்தனைக்கும் டயர் செய்கிற மாநிலம் நம்முடையது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த எம்ஆர்எஃப் தொடங்கி, அரக்கோணம், பெரம்பலூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஃபாக்டரிகள். ஒவ்வொரு டயரிலும் ஐஎஸ்ஐ முத்திரை, அளவு, வாரம், வருடம், எவ்வளவு எடை தாங்கும் என்பது வரை அச்சடித்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் அதன் மேல் பாலிஷ் அடித்துக்கொள்கிறோம்.

ஆனாலும் பையனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, இன்ஜின், கியர்பாக்ஸுக்குத்தான் மூணு மாசம் வாரண்டிங்ணா. டயரு, பேட்டரி, கண்ணாடி இதெல்லாம் நீங்க பாத்துத்தானங்ணா எடுத்தீங்க?" என்றான். பார்த்துத்தான் எடுத்தேன். போனை வைத்துவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. டயரை அளந்து பார்த்து அபராதம் எழுதிய போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் நிச்சயம் குனிந்து பார்ப்பார்.

இனி என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அலாயை வைத்துக்கொண்டு 185/65 ஆர்15 போட்டுவிடலாம், விட்டம் சரியாக வரும், அழகும் போகாது என்று நான் ஆசைப்பட்டேன். பெரியவர் அலாயின் உள்பக்கத்தைத் துடைத்து, வார்ப்பிலேயே இருந்த எழுத்தைக் காட்டினார்: 15, 7ஜே. ரிம்மின் அகலம் ஏழு அங்குலம். 185 டயர் ஆறரை அங்குலம் வரைதான் உட்காரும். ஏழில் இழுத்து மாட்டலாம், மாட்டுகிறார்கள். குழியில் விழுந்தால் ஓரம் விட்டுவிடும், ரிம்மும் அடி வாங்கும். அந்த ரிம்மிலேயே ஓட்ட வேண்டும் என்றால் 195/60 ஆர்15 போடலாம், விட்டம் 615 வருகிறது, மீட்டரும் அதிகம் பொய் சொல்லாது. ஆனால் அலாயின் நடு ஓட்டை, வண்டியில் சக்கரம் உட்காரும் ஹப்பைவிடப் பெரிது. இடையில் போட வேண்டிய ரிங் நாலில் இரண்டுதான் இருந்தது. எண்பதில் ஸ்டியரிங் நடுங்கியது எதனால் என்று அதற்கும் ஒரு விடை கிடைத்தது.

"நீங்க கேட்டா எதை வேணா மாட்டித் தர்றனுங்க. ஆனா என் மருமவன் வண்டியா இருந்தா டிஸ்க்குக்கே மாத்திருவேன்" என்றார்.

மாற்றினேன். உக்கடம் பக்கம் பழைய பாகம் விற்கும் கடையில் நாலு பதினாலு அங்குல இரும்பு டிஸ்க். பெரியவர் ஒவ்வொன்றையும் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, ஒன்று நெளிந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பி வேறு வாங்கி வரச் சொன்னார். 165/80 ஆர்14, 85டி என்று போட்ட நாலு புது டயர். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் 190 வரை வேகம். இரண்டும் என் ஸ்விஃப்டுக்குப் போதும், எனக்கு அதிகம். நாலிலும் தேதியைப் பார்த்தேன். நாலும் அந்த வருடத்தது. அலைன்மென்ட், பேலன்சிங், டிஸ்க், டயர் எல்லாம் சேர்த்து 24,000-ஐத் தொட்டது. அலாயை ஒருவர் 9,000-க்கு எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு ரிங் தேவை என்பதை அவரிடம் சொல்லித்தான் கொடுத்தேன். ஸ்டெப்னிக்கு மட்டும் மனசு வரவில்லை. எட்டு வயது, ஒரு நாளும் ஓடாதது. அதையும் மாற்றுங்கள் என்று பெரியவர் சொல்ல, அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றினேன்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் மகள் வாசலில் நின்று பார்த்தாள். "அப்பா, கொக்குக் கால் மாதிரி இருக்கு." காளை போய்க் கொக்கு வந்துவிட்டது என்பது உண்மைதான். பழகுவதற்கு எனக்கே இரண்டு மாதம் ஆயிற்று.

கழற்றிய டயர்களைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. கடைக்குப் பழைய டயர் எடுக்க வருபவர் நாலையும் சேர்த்து 1,200 தருகிறேன் என்றார். எங்கே போகும் என்று கேட்டேன். "மாட்டு வண்டிக்குப் போவும், ட்ராலிக்குப் போவும், ஆரு கண்டா?" என்றார். அந்த "ஆரு கண்டா"தான் எனக்கு உதைத்தது. யாரும் காணாத அந்த இடத்திலிருந்துதான் அவை எனக்கு வந்தன. பின் டயர் இரண்டையும் பக்கவாட்டில் கிழித்துவிட்டுக் கொடுங்கள் என்றேன். "கிழிச்சா அம்பது ரூவா கூடத் தேறாதுங்க" என்று பெரியவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். கிழித்தோம். முன் டயர் இரண்டையும் 600-க்குக் கொடுத்துவிட்டேன். அவற்றையும் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. 24,000 செலவழித்தவனுக்கு அன்றைக்கு 600 பெரிதாகத் தெரிந்தது.

போன மாதம் மச்சினன் போன் செய்தான். திருப்பூரில் ஒரு பழைய ஆல்ட்டோ பார்க்கிறானாம். பின்னால் யாரோ பேசும் சத்தம் கேட்டது.

"மச்சான், வண்டி நல்லா இருக்கு. டயர் நாலும் புதுசாம், பட்டன் நல்லா இருக்கு."

"பட்டனை விடு. உட்கார்ந்து பக்கத்தில என்ன எழுதியிருக்குன்னு படி."

"உட்காரணுமா? வெள்ளை பேன்ட், மச்சான்."

"உட்காரு."

மூச்சு வாங்கும் சத்தம். "நூத்தி நாப்பத்தஞ்சு... எம்பது... ஆர் பன்னெண்டு."

ஆல்ட்டோவுக்குச் சரியான அளவுதான். நாலையும் படிக்க வைத்தேன், நாலும் அதுதான். தேதியைத் தேடச் சொன்னேன். முன்னால் இரண்டில் கிடைத்தது. பின்னால் இரண்டிலும் அந்த எண் உள்பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது, தெரியவில்லை என்றான்.

"சரி, ஜாக்கி போட்டுக் கழட்டிக் காட்டச் சொல்லு. அப்புறம் பள்ளத்துக்குள்ள விரலை விட்டு இழு, நடுவுல மேடு தட்டுதான்னு பாரு. ஸ்டெப்னியையும் வெளிய எடுக்கச் சொல்லு."

போனுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. திரும்ப வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "மச்சான், இப்ப ஜாக்கி இல்லையாம். சாயங்காலம் வரச் சொல்றாங்க."